ஒரு படுக்கையறை வீடும் மாறிவரும் பேட்டையும்

கிராமத்திலே ஒருவரிடம் அவருடைய வீடு எது என்று கேட்டால், மண்ணில் ஊன்றி நிற்கும் சுவர்களைச் சுட்டிக் காட்டுவார். திண்ணையும் கூடமும் முற்றமும் கொல்லையும் சேர்ந்தது அவருடைய வீடு. பெருநகரிலே மூன்றாம் மாடியில் குடியிருப்பவரிடம் அதே கேள்வியைக் கேட்டால் விடை அத்தனை எளிதன்று. அவருடைய தரை கீழ்வீட்டாருக்குக் கூரை. அவருடைய கூரை மேல்வீட்டாருக்குத் தரை. பக்கச் சுவரோ அடுத்த வீட்டாருக்கும் பொது. அப்படியானால் அவருக்கே உரியது என்று எதனைச் சொல்வது? இந்தக் கேள்வி வெறும் வேடிக்கைக்காகக் கேட்பதன்று. நம் நாட்டுப் பெருநகரங்களில் இலட்சக்கணக்கான குடும்பங்களின் முதுமைக்காலப் பாதுகாப்பு இதற்கான விடையைப் பொறுத்தே இருக்கிறது.

அண்மையில் மும்பையில் மாட்டுங்காப் பகுதியில் வசிக்கும் முதிய தம்பதியரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். 1930-களில் எழுந்த மூன்று மாடிக் கட்டடம். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, பின்புறம் குளியலறை, இவ்வளவே வீடு. பெரியவரின் தகப்பனார் மணமான புதிதில் வாடகைக்கு எடுத்த இடம் அது. பேசிக்கொண்டிருக்கையில் அம்மையார் அலமாரியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்தார். கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவதற்குக் குடியிருப்போர் சம்மதம் கேட்கும் பத்திரம் அது. "பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் போட்டுவிட்டார்கள். நீங்கள் சொல்லுங்கள், இதில் கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்டார். ஒரு வார்த்தையில் மறுமொழி கூறிவிட நம்மால் இயலவில்லை. அந்த மறுமொழியையே இங்கு விரிவாக ஆராய முற்படுகிறோம்.

இத்தகைய வீடு நம் நகரங்களில் எவ்வாறு தோன்றியது என்பதை முதலில் காண்போம். 1896-ஆம் ஆண்டில் பம்பாய் நகரைப் பிளேக் நோய் தாக்கிற்று. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான குடியிருப்புகளே நோய்க்குக் காரணம் என்று அக்காலத்து ஆட்சியாளர் கருதினர். ஆகவே 1898-இல் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்ட் என்னும் அமைப்பு நிறுவப்பட்டது. நகருக்கு வடக்கே தாதர், மாட்டுங்கா, சயான் ஆகிய பகுதிகளில் வயல்களாகவும் தோப்புகளாகவும் கிடந்த நிலத்தை அந்த அமைப்பு வாங்கி, அகன்ற சாலைகள் அமைத்து, மனைகளாகப் பிரித்து, நெடுங்காலக் குத்தகைக்கு விட்டது. 1925 பிப்ரவரியில் மின்சார ரெயில் ஓடத் தொடங்கியதும், கோட்டைப் பகுதியில் அலுவலகம், வடக்கே குடியிருப்பு என்னும் வாழ்க்கை முறை கைகூடியது.

அதற்கு முன்பு நகரத்துத் தொழிலாளியும் குமாஸ்தாவும் சால் எனப்படும் கட்டடங்களில் வசித்தனர். நீண்ட தாழ்வாரம், அதன் ஓரமாக வரிசையாக அறைகள், குடும்பத்திற்கு ஓர் அறை, எல்லாருக்கும் பொதுவாகக் குழாயும் கழிப்பறையும். மாட்டுங்காவில் எழுந்த புதிய கட்டடங்களோ வேறு வகையின. வாயிற்கதவைத் தாழிட்டுக்கொண்டால் குடும்பத்துக்கு வேண்டிய யாவும் உள்ளேயே இருந்தன. தென்னாட்டிலிருந்து தட்டச்சும் கணக்கும் கற்று வந்து அலுவலகங்களில் சேர்ந்தவர்களுக்கு இந்த வீடுகள் ஏற்றவையாக அமைந்தன. சமையலறையும் கழிப்பறையும் ஒரே கூரையின் கீழ் இருப்பதா என்று தொடக்கத்தில் தயங்கியவர்களும் உண்டு. நாளடைவில் அத்தயக்கம் தீர்ந்தது. 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் இப்பகுதியில் தோன்றியது. 1963-இல் கிங்ஸ் சர்க்கிளுக்கு அருகே சண்முகானந்தா அரங்கம் திறக்கப்பட்டது. வறுத்தரைத்த காப்பிப் பொடியும், வாழை இலையும், தொடுத்த பூவும் வாங்க மும்பைத் தமிழர் இன்றும் மாட்டுங்காவுக்கே வருகின்றனர். ஒரு படுக்கையறை வீடுகளின் கூட்டத்திலிருந்து ஒரு பேட்டை உருவாயிற்று என்பது இதனால் விளங்கும்.

இனி, அவ்வீட்டின் அளவைச் சற்றுக் கணக்கிடுவோம். கூடம் பத்தடிக்குப் பதினான்கு, ஆக 140 சதுர அடி. படுக்கையறை பத்துக்குப் பன்னிரண்டு, 120. சமையலறை ஏழுக்கு ஒன்பது, 63. குளியலறை நாலுக்கு ஏழு, 28. கழிப்பறை மூன்றுக்கு ஐந்து, 15. நடைவழி நாலுக்கு ஆறு, 24. யாவும் கூடி 390 சதுர அடி. இந்த 390 சதுர அடியில் பெற்றோர், மணமான மகன், மருமகள், படிக்கும் பேரன் ஆகிய ஐவர் வாழ்வதுண்டு. பகலில் வந்தவரை உபசரிக்கும் கூடம் மாலையில் படிப்பறையாகிறது. இரவில் பாய் விரித்தால் படுக்கையறையாகிறது. ஆகவே, படுக்கையறை ஒன்று என்று பெயரே தவிர, உண்மையில் ஒவ்வோர் அறையும் மூன்று அறைகளின் வேலையைச் செய்கிறது.

சிறிய வீடு என்பதாலேயே அது தாழ்ந்த வீடு ஆகிவிடாது. காற்றோட்டமே முக்கியம். மனிதர் புழங்கும் முதல் அறை 9.5 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ 102 சதுர அடிக்குக் குறையலாகாது என்றும், சமையலறை 5 சதுர மீட்டருக்குக் குறையலாகாது என்றும் இந்தியாவின் தேசியக் கட்டட விதித் தொகுப்பு கூறுகிறது. மும்பை போன்ற ஈரமும் வெப்பமும் மிகுந்த ஊர்களில், காற்றும் வெளிச்சமும் வரும் திறப்புகள் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருத்தல் வேண்டும். நாம் மேலே கணக்கிட்ட கூடத்திற்கு ஏறத்தாழ 23 சதுர அடிச் சன்னல் தேவை. வீடு பார்க்கச் செல்பவர்கள் தரையின் பளபளப்பைப் பார்க்கிறார்கள். சன்னலை அளந்து பார்ப்பவர் சிலரே. அச்சன்னலுக்கு எதிரே எத்தனை அடி தூரத்தில் அடுத்த கட்டடத்துச் சுவர் நிற்கிறது என்பதையும் பார்த்தல் அவசியம்.

இது நிற்க. இவ்வளவு நல்ல கட்டடங்கள் ஏன் பழுதடைந்தன? இதற்கு இயற்கை ஒரு காரணம். சட்டம் மற்றொரு காரணம். இக்கட்டடங்களின் வலிமை காங்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகளில் உள்ளது. கடற்காற்றின் உப்பும், குளியலறைக் கசிவின் ஈரமும் விரிசல் வழியே கம்பியை அடைந்தால் துரு ஏறுகிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும் இயல்புடையது. ஆதலால் அது உள்ளிருந்தே காங்கிரீட்டைப் பிளக்கிறது. கூரையிலிருந்து காரை விழுவது வெறும் காரை விழுவதன்று. உள்ளே கம்பி நோயுற்றிருப்பதன் அறிகுறி. அதன்மேல் புதிய பூச்சும் வெள்ளையும் அடிப்பது புண்ணை மூடி மறைப்பதற்கு ஒப்பாகும்.

சட்டத்தின் பங்கு இது. 1947-இல் இயற்றப்பட்ட பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பழைய வீடுகளின் வாடகையைப் பெரும்பாலும் 1940 செப்டம்பர் மாத அளவிலேயே நிறுத்தியது. போர்க்காலத்து வீட்டுப் பஞ்சத்தில் ஏழைகளைக் காப்பதற்காக வந்த விதி அது; காக்கவும் செய்தது. ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல, வருகிற வாடகை ஒரு குழாயைப் பழுது பார்க்கவும் போதாத நிலை ஏற்பட்டது. வீட்டுக்காரர் கைவிட்டார், குடியிருப்பவரோ பிறர் சொத்துக்கு நாம் ஏன் செலவிடுவது என்று இருந்துவிட்டார். வாடகை உரிமையையே பெருந்தொகைக்குக் கைமாற்றும் பகடி என்னும் வழக்கமும் பரவிற்று. பழுது பார்ப்பதற்கென்று 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தனி வாரியமும், செஸ் என்னும் வரியும் ஏற்பட்டன. அப்போது இவ்வரிக்கு உட்பட்ட கட்டடங்கள் 19,642. பின்னர் 1999-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு வீதம் வாடகையை உயர்த்த இடமளித்தது. பகடிக்கும் சட்டத்தின் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் அதற்குள் கட்டடங்கள் மூப்படைந்துவிட்டன.

இனித்தான் நாம் முக்கியமான இடத்திற்கு வருகிறோம். தொண்ணூறு ஆண்டுப் பழமையான, காரை உதிரும் வீட்டுக்காக ஒரு கட்டட வியாபாரி ஏன் வந்து கதவைத் தட்டுகிறார்? அவருக்கு வேண்டியது அந்த வீடன்று. அதன் அடியிலுள்ள நிலமும், அதன் மேலுள்ள ஆகாயமுமே அவருக்கு வேண்டியவை.

ஒரு மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளப்பரப்புக் கட்டலாம் என்பதை நகர நிர்வாகம் வரையறுக்கிறது. இதனைத் தளப்பரப்புக் குறியீடு என்றும், வழக்கில் எப்.எஸ்.ஐ. என்றும் சொல்வர். மும்பைத் தீவு நகரில் இக்குறியீடு நெடுங்காலம் 1.33 ஆக இருந்தது. 2018-இல் நடைமுறைக்கு வந்த வளர்ச்சி விதிகளின்படி, செஸ் செலுத்தும் பழைய வாடகைக் கட்டடங்களைப் புதுப்பிக்கும்போது அது 3 வரை, சில நிலைகளில் அதற்கு மேலும் செல்லலாம்.

ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். மனை 1,000 சதுர மீட்டர் என்று கொள்க. அதில் பதினாறு வீடுகள். ஒவ்வொன்றும் 390 சதுர அடி. குறியீடு 3 ஆனால் 3,000 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 32,290 சதுர அடி கட்டலாம். பழைய குடிகள் பதினாறு பேருக்கும் தலைக்கு 500 சதுர அடி கொடுத்தாலும் 8,000 சதுர அடியே செலவாகிறது. சுவர்களுக்கும் படிகளுக்கும் தாராளமாக இடம் ஒதுக்கினாலும், மீதமுள்ளது பழைய குடிகள் பெறுவதைப்போல் இரு மடங்குக்கு மேற்படும். அந்த மீதத்தைச் சந்தை விலைக்கு விற்றே வியாபாரி கட்டடச் செலவை ஈடு செய்கிறார். நிலச் சொந்தக்காரரின் பங்கைக் கொடுக்கிறார். தமது இலாபத்தையும் எடுக்கிறார். இதிலே தவறு ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. பழைய குடிக்கு இலவசமாகக் கிடைப்பதுபோல் தோன்றும் புதிய வீடு இலவசம் அன்று. அந்த மனையில் நெடுங்காலம் வாழ்ந்ததால் ஏற்பட்ட உரிமையை விலையாகக் கொடுத்தே அவர் அதனைப் பெறுகிறார். தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கும் விடை இதுவே. மாடியில் வாழ்பவருக்கு உரியவை நான்கு சுவர்கள் மட்டும் அல்ல. நிலத்தின் மீதும், அதன் மேல் எழக்கூடிய கட்டடத்தின் மீதும் அவருக்குள்ள பங்கும் உரிமையுமே அவருடைய சொத்து.

அந்த உரிமை எல்லாருக்கும் ஒரே தன்மையுடையதன்று. பகடி வாடகையில் இருப்பவருக்கு வீட்டில் தங்கும் உரிமை உண்டு, நிலம் அவருடையதன்று. ஆயினும் மேற்சொன்ன விதிகளின்படி புதுப்பிக்கும்போது அவருக்குக் குறைந்தது 300 சதுர அடி உள்ள வீடு சொந்தமாகவே கிடைத்தல் வேண்டும். கூட்டுறவு வீட்டுச் சங்க உறுப்பினர் நிலை வேறு. 1915-இல் பம்பாய் காம்தேவியில் சாரஸ்வத சமூகத்தார் தொடங்கிய சங்கம் இவ்வகையில் முன்னோடி. இங்கே வீடும் நிலமும் சங்கத்தின் பெயரில் இருக்கும். உறுப்பினர் கையில் ஐம்பது ரூபாய்ப் பங்குகள் சில கொண்ட பத்திரம் இருக்கும். சில நூறு ரூபாய் என்று அச்சிட்ட அந்தக் காகிதமே இன்று பெருஞ்சொத்தின் ஆதாரம். ஆனால் கட்டியவர் நிலத்தைச் சங்கத்தின் பெயருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்று பார்த்தல் வேண்டும். 1963-ஆம் ஆண்டு மகாராஷ்டிர அடுக்குமாடி உரிமைச் சட்டம் இதனைக் கட்டாயமாக்கியும், கொடாமல் விட்டவர் பலர். ஆதலால் 2008-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, கட்டியவர் வராவிட்டாலும் அதிகாரியிடம் மனுச் செய்து நிலவுரிமையைப் பெற வழி ஏற்பட்டது. நிலம் சங்கத்தின் பெயரில் இல்லாவிடில், ஆகாயத்தின் பலன் வேறொருவர் கைக்குப் போகக்கூடும்.

இனி, கையெழுத்திடுமுன் கேட்க வேண்டிய கேள்விகளைக் காண்போம்.

முதலாவது, புதிய வீட்டின் பரப்பு எவ்வகைக் கணக்கு என்பது. சுவர், படிக்கட்டு, மின்தூக்கி, வாயில் யாவற்றையும் சேர்த்துக் கூறும் பெரிய எண்ணைக் கண்டு மயங்கலாகாது. 2016-ஆம் ஆண்டு மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் உட்பரப்பு என்பதற்குத் தெளிவான இலக்கணம் கூறியுள்ளது. வீட்டுக்குள் பயன்படும் தரையும், உட்புறத் தடுப்புச் சுவர்களும் மட்டுமே அதில் அடங்கும். வெளிச்சுவரும் பால்கனியும் அடங்கா. அந்த எண்ணையே கேட்டல் வேண்டும்.

இரண்டாவது, வேலை முடியும் வரை எங்கே இருப்பது, அதற்கான வாடகையை யார் கொடுப்பது, வேலை தாமதமானால் என்ன பாதுகாப்பு என்பன. கட்டடம் பாதியில் நின்று, வாடகையும் நின்றுபோய், வாடகை வீடுகளிலேயே காலங்கழித்த குடும்பங்கள் மும்பையில் உண்டு. கூட்டுறவுச் சங்கங்களுக்கென மகாராஷ்டிர அரசு 2009-இலும் 2019-இலும் நெறிமுறைகளை வகுத்தது. திட்டச் செலவில் நூற்றுக்கு இருபது பங்குக்கு வங்கி உத்தரவாதம் பெறுதல், வேலையை இரண்டு ஆண்டுகளில், தவிர்க்க இயலாவிடில் மூன்று ஆண்டுகளில் முடித்தல் ஆகியவை அவற்றுள் அடங்கும். உறுப்பினரில் மூன்றில் இரு பங்கினர் கூடி, நூற்றுக்கு ஐம்பத்தோரு பேர் இசைந்தால் தீர்மானம் செல்லும் என்று 2019-ஆம் ஆண்டு ஆணை கூறிற்று. பெரும்பான்மை முடிவு செய்துவிட்டால் தனியொருவர் தடுத்து நிற்பது கடினம் என்பது இதனால் புலனாகும். ஆகவே கேள்விகளைக் கூட்டத்திலேயே கேட்டல் வேண்டும்.

மூன்றாவது, மாதச் செலவு. பழைய வீட்டில் சில நூறு ரூபாயில் காரியம் முடிந்தது. புதிய மாடியில் மின்தூக்கி, நீரேற்றும் இயந்திரம், காவல், தீயணைப்புச் சாதனங்கள் யாவும் உண்டு. யாவற்றுக்கும் பணம் வேண்டும். ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு வீடு சொந்தமாகியும் அதில் வாழ இயலாமற் போகக்கூடாது. அதற்காகவே நிலைநிதி ஒன்றைக் கட்டட வியாபாரியிடமிருந்து பெறுவது வழக்கம். அதன் வட்டி மாதச் செலவில் எவ்வளவைத் தாங்கும் என்று எழுதிக் கணக்கிட்டுப் பார்த்தல் நலம்.

நான்காவது, எல்லாம் எழுத்தில் உள்ளனவா என்பது. மாடி, திசை, பரப்பு, நாள் ஆகியவை அடங்கிய நிரந்தர மாற்றுக் குடியிருப்பு ஒப்பந்தம் பதிவு செய்யப்படுதல் வேண்டும். சம்மதப் பத்திரம் வேறு, ஒப்பந்தம் வேறு. ஒப்பந்தம் பதிவாகுமுன் சாவியைக் கொடுத்துவிடலாகாது.

ஐந்தாவது, தமக்குப் பின் அவ்வீடு யாருக்கு என்பது. சங்கத்தில் நியமனம் செய்த பெயருக்கே முழு உரிமையும் போய்விடும் என்று பலர் எண்ணுகின்றனர். நியமனம் வேறு, வாரிசுரிமை வேறு. உயில் எழுதி வைப்பது பிள்ளைகளுக்குள் மனத்தாங்கல் வராமல் காக்கும்.

இத்தனை எச்சரிக்கை கூறுவதால், பழைய வீட்டிலேயே பிடிவாதமாக இருந்துவிடலாம் என்று யாரும் கொள்ளற்க. 2017 ஆகஸ்டு மாதக் கடைசியில் மும்பை பேண்டி பஜாரில் ஹுசைனி கட்டடம் இடிந்து விழுந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இடித்துக் கட்டுவதற்கென்று குறிக்கப்பட்ட கட்டடம் அது; பல குடும்பங்கள் வெளியேறிய பின்னும் சிலர் அங்கே தங்கியிருந்தனர். ஆகவே, முப்பது ஆண்டு கடந்த எக்கட்டடத்துக்கும் பொறியியல் வல்லுநரைக் கொண்டு வலிமைச் சோதனை செய்தல் இன்றியமையாதது. பழுது பார்த்தால் நிற்குமா, இடித்தே ஆக வேண்டுமா என்பதை அச்சோதனையே முடிவு செய்தல் வேண்டும். கட்டடத்தை இடிப்பதால் ஊதியம் பெறுபவர் சொல்லை மட்டும் நம்பியோ, வீட்டை விட மனம் வராமையாலோ முடிவு செய்வது முறையன்று.

கணக்கில் அடங்காத பொருள் ஒன்றும் உண்டு. பேட்டை மாறுகிறது. மாட்டுங்காவிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் பல செம்பூருக்கும் முலுண்டுக்கும் டோம்பிவிலிக்கும் சென்றுவிட்டன. அவ்விடத்தில் குஜராத்தி, கச்சிக் குடும்பங்கள் வந்து கலந்து, புதிய வாழ்வை நடத்துகின்றன. இதில் வருந்துவதற்கு ஒன்றும் இல்லை. நம்மவரும் ஒரு காலத்தில் அங்கே புதிதாக வந்தவர்களே. ஆயினும், பழைய கட்டடத்தில் கதவைத் திறந்து வைத்தால் எதிர்வீட்டார் குரல் கேட்கும். மூன்று மாடியிலிருந்து கூடையைக் கயிற்றில் இறக்கிக் காய் வாங்கிய அம்மையார், இருபதாவது மாடியிலிருந்து அவ்வாறு செய்ய இயலாது. முதியவர்களுக்கு எதிர்வீட்டார் என்பது வெறும் அயலார் அன்று. இரவில் நெஞ்சு வலித்தால் முதலில் ஓடி வருபவர் அவரே. ஆதலின் புதிய கட்டடத்திலும் பழைய குடிகள் ஒரே தளத்தில் அருகருகே அமையுமாறு கேட்டுப் பெறுவது நல்லது. இதற்கு வியாபாரிக்கு ஒரு காசும் அதிகம் செலவாகாது. கேட்க வேண்டும் என்று தோன்றாமையே குறை.

அம்மையாருக்கு நாம் கூறிய மறுமொழியும் இதுவே. கையெழுத்துப் போடவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. போடுமுன் கட்டடத்தின் வலிமைச் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். ஐந்து கேள்விகளையும் தாளில் எழுதி, எழுத்திலேயே விடை கேளுங்கள். பதினாறு வீட்டாரும் சேர்ந்து ஒரே வழக்கறிஞரிடம் காட்டுங்கள் என்றோம். அவர் பத்திரத்தைத் திரும்ப மடித்து அலமாரியில் வைத்தார். பிறகு ஒரு பென்சிலை எடுத்து, நாட்காட்டியின் பின்புறத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டு எழுதத் தொடங்கினார். பெரியவர் எதிர்வீட்டாரையும் அழைத்து வரச் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார்.